நடுக்கம் நின்ற கைகள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

புனே நகரில் டைவிங் பயிற்றுநராகப் பணியில் சேர்ந்திருக்கும் தங்களுக்கு, அப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன் வணக்கம் கூறி எழுதுவது. கால் விரல்களை எங்கே ஊன்றுவது, நீரை எந்தக் கோணத்தில் தொடுவது என்பவற்றையெல்லாம் தாங்கள் முறையாகக் கற்று வந்திருப்பீர்கள். அவற்றில் நான் சேர்ப்பதற்கு ஏதுமில்லை. மேலே ஒருவர் மேடையின் விளிம்பில் நிற்க, கீழே நிற்கும் நம்முடைய வயிற்றில் ஓர் அச்சம் புரளுமே, அதை என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் எழுத விழைகிறேன். பாடத்திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் இத்துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தமான நீச்சல் குளத்தில், நீரைச் சுத்திகரிக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்தவன். அங்கே டைவிங் கற்பித்த முன்னாள் இராணுவ வீரர் ஒருவருக்கு உதவியாளனாகி, அவர் போன பின் அந்த இடத்தில் நின்றவன். விளையாட்டு உளவியல் என்று ஒரு துறை இருப்பதே நடுவயதில்தான் எனக்குத் தெரியவந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததில் பாதி புரிந்தது. புரிந்த பாதியிலும் எதை எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்பதைக் கட்டுரைகள் சொல்லவில்லை. அதைக் கற்பித்தது கீர்த்தனா என்ற பெண்ணை முன்னிட்டு நடந்த ஒரு நிகழ்ச்சி. நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு, நகரின் மேற்கே உள்ள பெரிய குளத்தில் அது நடந்தது.

கீர்த்தனா நிக்டியில் வளர்ந்தவள். அப்பொழுது பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு. தந்தை முருகேசன் திண்டுக்கல்காரர். ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகள் மேடை ஏறும் நாளெல்லாம் பார்வையாளர் படிக்கட்டின் ஒரே மூலையில் அமர்ந்து, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, அவளுடைய ஒவ்வொரு பாய்ச்சலையும் படம்பிடிப்பார். வீட்டில் தமிழ், குளத்தில் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்ததால் அந்தப் பெண் பேசும் ஒரு வாக்கியத்துக்குள் மூன்றும் இருக்கும். பத்து மீட்டர் மேடையில் மாநிலத்தின் சிறந்த பெண்களுள் ஒருத்தி. மாநில அணிக்கான தேர்வுச் சுற்று வரவிருந்தது. அவளுடைய வயதுக்கு அதுவே தக்க தருணம் என்று எல்லோரும் எண்ணினோம்.

அவள் செய்யும் பாய்ச்சல்களில் மிகக் கடினமானது ஒரு ட்விஸ்ட். முதுகை நீருக்குக் காட்டி விளிம்பில் நின்று, பின்னோக்கி எழும்பி, குட்டிக்கரணங்களுக்கு நடுவே உடலைத் திருகி, நீர் கண்ணில் பட்ட கணத்தில் உடலை விரித்து நேராக இறங்க வேண்டும். விரிக்கும் கணம் தவறினால் நீர் நீராக இராது, தரையாகிவிடும். ஆகவே புதிதாகப் பழகும்போது பயிற்றுநர் கீழிருந்து "ஹப்!" என்று குரல் கொடுப்பார். அக்குரலுக்கு அவர்கள் விரிப்பார்கள். பழகிய பின் குரல் நிறுத்தப்படும். போட்டியிலோ குரல் கொடுக்க அனுமதியே கிடையாது.

ஒரு நாள் காலைப் பயிற்சியில், பல மாதங்களாகத் தவறாமல் செய்துவந்த அந்த ட்விஸ்டில் கீர்த்தனா முதுகு அடிபட விழுந்தாள். அந்த ஓசையைத் தாங்களும் என்றாவது கேட்பீர்கள். கேட்டபின் சில நாள் எந்தக் கதவு அறைந்து சாத்தப்பட்டாலும் உடல் தூக்கிவாரிப்போடும். நான் உடுத்திய உடையோடு நீரில் குதித்து அவளைக் கரைக்குக் கொண்டுவந்தேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மருத்துவர் சொன்னார். கரையில் கிடந்தபோது அவள் அழவில்லை. கண்களை அகல விழித்து என்னைப் பார்த்து, "சார், மேல எது, கீழ எதுன்னு தெரியல. திடீர்னு எல்லாமே நீலமாயிடுச்சு," என்றாள்.

இத்துறையில் இது அரிதன்று. நன்கு தெரிந்த அசைவு ஒன்று ஒரு நாள் காரணமின்றி உடலைவிட்டுப் போய்விடுகிறது. காற்றில் தான் எங்கிருக்கிறோம் என்னும் உணர்வே அறுந்துவிடுகிறது. அதை முயற்சிக் குறைவு என்று எண்ணி அதட்டுவோர் உண்டு. அதட்டல் அதை இன்னும் ஆழமாக்கும் என்று நான் படித்திருந்தேன். எனவே அதட்டவில்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மீண்டும் மேடை ஏறியபோது கீர்த்தனாவின் கைகள் நடுங்கின. கீழிருந்தே அது தெரிந்தது. கைப்பிடிக் கம்பியை விட்டால் நடுக்கம், பிடித்தால் நகர மறுப்பு. அதோடு எங்கள் குளத்தின் வழக்கம் ஒன்று அவளை இறுக்கியது. எனக்கு முன்பிருந்த இராணுவ வீரர் அதை ஏற்படுத்தியிருந்தார். "வர் கேலாஸ் தர் காலீ பாண்யாதூனச்" என்பார். மேலே போனவர் தண்ணீர் வழியாகத்தான் கீழே வர வேண்டும், படி வழியாக இறங்கக் கூடாது என்பது அதன் பொருள். அவர் போன பிறகும், பயிற்சி வேறு குளத்துக்கு மாறிய பிறகும், அந்த விதி எங்களோடு வந்துவிட்டது. யாராவது ஏணிப்படியில் கால் வைத்து இறங்கினால் கீழே நிற்கும் பையன்களும் பெண்களும் தாளமிட்டுக் கைதட்டி, "ஷிடீனே ஆலா! ஷிடீனே ஆலா!" என்று கத்துவார்கள். ஏணி வழியே வந்தான் என்பது கேலி. விளையாட்டாகத்தான் செய்தார்கள். ஆனாலும் அந்தக் கைத்தட்டலுக்கு அஞ்சி, நடுங்கும் கால்களோடு குதித்தவர்கள் எத்தனை பேர் என்று அப்பொழுது நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த வேளையில்தான் நித்யா எங்களுக்குக் கிடைத்தார். கோயம்புத்தூர்ப் பெண். உளவியல் முறையாகப் பயின்றவர். பாணேரில் ஒரு நிறுவனத்தில் ஊழியர் நலனைக் கவனிக்கும் வேலை. வார இறுதிகளில் குளத்துக்கு வந்து வீரர்களுக்கு உதவினார். என்னைவிட முப்பது வயது இளையவர். நான் அகராதியோடு மல்லாடிய சொற்களெல்லாம் அவருக்கு அன்றாடப் பேச்சு. ஆயினும் ஒருமுறையும் என்னைச் சிறுமைப்படுத்தியதில்லை. முதல் நாளே, "நான் தண்ணியப் பாத்தாலே மூணடி தள்ளி நிக்கற ஆளுங்க சார். டைவிங் நீங்க சொல்லுங்க, மனசு நான் பாக்கறேன்," என்றார்.

அவர் செய்தவை அனைத்தும் நூல்கள் கூறும் வழியில் இருந்தன. மூச்சை நீளமாக விட்டு உடலின் பதற்றத்தைத் தணிக்கக் கற்றுக்கொடுத்தார். "கையைப் பாக்காத, காலைப் பாக்காத" என்று உறுப்புகளின் மேல் இருந்த கவனத்தை அகற்றினார். பிறகு மனக்காட்சிப் பயிற்சி. வெற்றிகரமாகச் செய்த பாய்ச்சலை மனத்துக்குள் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தால் உடலும் அதைத் தொடரும் என்பது ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டது. அதற்கு உதவியாக, தந்தையின் கைப்பேசியில் இருந்த பழைய நல்ல பாய்ச்சல்களின் படங்களை அன்றாடம் பார்க்கச் சொன்னார். அதுவும் ஏற்கப்பட்ட முறையே. நானும் ஒப்புதல் அளித்தேன்.

பலன் தெரிந்தது. வாரங்கள் செல்லச் செல்ல நடுக்கம் குறைந்தது. எளிய பாய்ச்சல்களைப் பத்து மீட்டரிலிருந்து அழகாகச் செய்தாள். இறுதியில் ட்விஸ்டுக்கும் ஏறினாள். நான் குரல் கொடுத்தேன். விரித்தாள். சுமாராக, ஆனால் நேராக நீரில் இறங்கினாள். மறுபடியும் செய்தாள். அன்று நித்யா மகிழ்ச்சியில் குளத்து வாசலிலிருந்து எல்லோருக்கும் வடா பாவ் வாங்கிவந்தார். முருகேசன் கைப்பேசியை இறக்கிவைத்துவிட்டு முதன்முறையாக என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

ஐயா, அம்மையீர், இவ்விடத்தில் தங்களை ஒரு நொடி நிறுத்துகிறேன். நடுக்கம் நின்றது. நாங்கள் அனைவரும் அதை நோய் தீர்ந்ததாக எண்ணினோம். படித்தவர், படிக்காதவர், பெற்றவர் என்று ஒருவர் விடாமல் எண்ணினோம். எண்ணாமல் இருக்க எங்களுக்குக் காரணமும் இருக்கவில்லை.

தேர்வுச் சுற்று கோடையின் தொடக்கத்தில், ஒரு மதிய வேளையில் நடந்தது. சிமென்ட் தரை காலைச் சுட்டது. காற்று சிறிதும் இல்லாததால் குளத்தின் பரப்பு கண்ணாடியாகக் கிடந்தது. அத்தகைய பரப்பு மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அடி மட்டுமே தெரியும். அதனால் ஒரு குழாயிலிருந்து நீரைத் தூவி, பரப்பை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருப்பார்கள். நடுவராக வந்தவர் கண்டிப்பான மராத்தியப் பெண்மணி. கீர்த்தனாவுக்கு இறுதிப் பாய்ச்சலாக அந்த ட்விஸ்ட் எஞ்சியிருந்தது. அதுவரையிலான மதிப்பெண்களில் முன்னணியில் இருந்தாள். அதை ஓரளவு செய்தாலே அணியில் இடம் உறுதி.

அவள் படியேறத் தொடங்கியபோது நித்யா என் அருகில் பெஞ்சில் வந்து அமர்ந்தார். முகத்தில் நிறம் இல்லை.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? இப்ப சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லும்மா."

"காலைல கீர்த்தனாகிட்ட, மனசுல ஓட்டிப் பாத்தியான்னு கேட்டேன். நல்லா ஓடுச்சு அக்கான்னா. எங்கயும் தடங்கல் இல்ல, பயமே இல்லன்னா. சரி, என்ன தெரிஞ்சுது சொல்லுன்னேன். 'நான் மேடைல நிக்கறேன், பிங்க் ஸ்விம்சூட் போட்டிருக்கேன், சுத்தறேன், எறங்கறேன்'னா."

"அதுக்கென்ன?"

"சுத்தும்போது அவ ஸ்விம்சூட் கலர் அவ கண்ணுக்கு எப்படிங்க சார் தெரியும்? அவ உள்ளேயிருந்து பாக்கல. வெளியேயிருந்து பாக்கறா. அவங்கப்பா வீடியோவத்தான் மனசுல ஓட்டறா. அதுல தண்ணியே வராதுங்க சார். அவ கண்ணுக்கு எப்பத் தண்ணி தெரியும்னு அதுல இல்லவே இல்ல." படியேறிக்கொண்டிருந்த கீர்த்தனாவைக் காட்டினார். "போன மாசம் அவ விரிச்சது தண்ணியப் பாத்தா, உங்க 'ஹப்' கேட்டா?"

மனக்காட்சியில் உள்ளிருந்து காண்பது, வெளியிலிருந்து காண்பது என்று இரு வகை உண்டு என்பதை நானும் படித்திருந்தேன். படித்தது தேர்வுக்கு எழுதும் விடையாக என்னுள் கிடந்தது. அது ஒரு பெண்ணின் கழுத்தெலும்பாக உருமாறியது அந்த நொடியில்தான்.

அண்ணாந்து பார்த்தேன். கீர்த்தனா மேடைக்கு வந்துவிட்டாள். டைவிங் வீரர்கள் உடலைத் துடைக்கச் சிறிய துணி ஒன்றை மேலே கொண்டுசெல்வார்கள். துடைத்து முடித்ததும் அதைக் கீழே வீசி எறிவார்கள். கீர்த்தனா எப்பொழுதும் அதைச் சுருட்டி, எரிச்சலோடு, கீழே யார் தலையில் விழுகிறது என்றுகூடப் பார்க்காமல் எறிவாள். அன்று அதை நான்காக மடித்தாள். கைப்பிடிக் கம்பியின் மேல் ஓரம் ஒத்துவைத்தாள். ஒரு விருந்தினர், போகும்போது போர்வையை மடித்துவைப்பதைப் போல இருந்தது அந்தச் செயல். கைகளில் சிறு நடுக்கமும் இல்லை. முகம் அமைதியாக இருந்தது. திரும்பி விளிம்பில் நின்று, பார்வையைப் படிக்கட்டு மூலையை நோக்கி, அவள் தந்தை கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்த திசையில் வைத்தாள்.

அவளிடம் அச்சம் இல்லை. ஆபத்தில் நிற்பவரிடம் இருக்க வேண்டிய அச்சம் முழுவதும் இடம் மாறி என்னிடம் வந்துவிட்டதாகத் தோன்றியது.

நடுவர் ஊதலை வாயருகே கொண்டுபோனார். நான் எழுந்து அவரிடம் ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது மிகை. என் முழங்கால்கள் அனுமதித்த அளவுக்கு விரைந்தேன்.

"மேடம், பொறுங்கள். அவளைத் திரும்பப் பெறுகிறேன்," என்று இந்தியில் சொன்னேன்.

அவர் ஊதலை இறக்கவில்லை. "காகா, கிலாடி குத் போலேகீ," என்றார். விளையாடுபவரே சொல்ல வேண்டும் என்பது அவருடைய விடை. பிறகு சற்றே தணிந்து, "சீக்கிரம் கேளுங்கள். ஊதிவிட்டால் நீங்கள் வாய் திறக்கக் கூடாது," என்றார்.

என்ன கேட்பது? "பயமா இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பாள். அது உண்மையாகவும் இருக்கும். "வேண்டாம், இறங்கிவா" என்று ஆணையிட்டால், அத்தனை பேர் முன்னிலையில், முன்னணியில் நிற்கும் பெண், கைத்தட்டலுக்கு அஞ்சியேனும் குதித்துவிடுவாள். பெஞ்சிலிருந்து நித்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட கேள்வியைத் தவிர என்னிடம் வேறு கேள்வி இல்லை. தமிழில் கத்தினேன்.

"கீர்த்தனா! கண்ணை மூடு! ஒரு தடவை உள்ள ஓட்டிப் பாரும்மா! தண்ணி எப்பத் தெரியுது?"

குளமே திரும்பிப் பார்த்தது. அங்கே அம்மொழி அறிந்தவர்கள் அவளும், நித்யாவும், மூலையில் இருந்த தந்தையும்தான். கீர்த்தனா சிறு புன்னகையோடு கண்களை மூடினாள். தலை மெல்ல அசைந்தது. மனத்துக்குள் எழும்புகிறாள், சுழல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அசைவு நின்றது. புன்னகை போனது. கண்களைத் திறக்காமலே நின்றாள்.

"சார்..." என்றாள். அவ்வளவு உயரத்திலிருந்து அந்தக் குரல் எப்படி எட்டியது என்று இன்றும் வியக்கிறேன். "தெரியல சார். பாணீச் நாஹீ. தண்ணியே இல்ல."

அடுத்த கணம் அவள் விளிம்பிலேயே குந்திவிட்டாள். இரண்டு கைகளாலும் மேடையின் சொரசொரப்பான தரையைப் பற்றினாள். தோள்கள் உதறின. மூச்சுப் பயிற்சிகளுக்கு அடியில் வாரக்கணக்காகக் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தது. குதிகால்கள் விளிம்புக்கு வெளியே இருந்தன. சற்றுச் சாய்ந்தால் முதுகுப்புறமாகச் சரிந்து விழுவாள்.

"மீ நாஹீ கரத்!" என்றாள் நடுவரைப் பார்த்து. செய்யமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். நடுவர் தலையசைத்துச் சுழியம் அறிவித்தார். யாரோ ஒரு பையன் பழக்கத்தில் கைதட்டத் தொடங்கினான். "ஷிடீனே..." என்று அவன் தொடங்கியதும் பக்கத்தில் நின்றவள், "கப் பஸ், மூர்க்கா!" என்று அவன் தலையில் ஒன்று வைத்தாள். வாயை மூடு, மடையா என்று அதற்குப் பொருள். அவளும் கீர்த்தனாவோடு போட்டியிட்டவளே.

நான் படி ஏறினேன். ஐயா, அம்மையீர், பத்து மீட்டர் மேடையிலிருந்து என் வாழ்நாளில் நான் குதித்தவன் அல்லன். பம்பு அறையிலிருந்து வந்தவனுக்குக் குதிக்கும் வயது கடந்திருந்தது. மேடையைத் துடைக்க ஏறியிருக்கிறேன், அதுவும் நடுவிலேயே நிற்பேன். அன்று ஒவ்வொரு தளத்திலும் உயரம் கூடக்கூட என் உள்ளங்கை கம்பியில் வழுக்கியது. மேலே போனதும் நிமிர்ந்து நிற்கத் துணிவின்றி நானும் குந்தினேன். குந்தியபடியே அவளை நோக்கி நகர்ந்தேன்.

"என்னைத் தொடாதீங்க சார், விழுந்துடுவேன்."

"தொடலம்மா. நானே விழுந்துருவேன் போல இருக்கு. கொஞ்சம் உள்ள வா, எனக்குத் துணைக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அழுகைக்கு நடுவே, "சார், உங்களுக்கு உயரம்னா பயமா?" என்றாள்.

"எப்பவுமே."

"இத்தன வருஷமா சொல்லவே இல்ல!"

"யாரும் கேக்கல."

ஒரு குதிகாலை உள்ளே இழுத்தாள். பிறகு மற்றதை. அதன் பின் நான் முதலில் ஏணியில் இறங்கி, முகத்தைப் படிகளுக்கு நேராக வைத்துக்கொண்டேன். அவள் எனக்கு மேலே இறங்கினாள். அவளுடைய காலைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்தேன். தரையைத் தொட்டதும் இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டோம். யாரும் கைதட்டவில்லை.

அவளுடைய அணி வாய்ப்பு அன்றோடு போனது. வண்டி நிறுத்துமிடத்தில் முருகேசன் என்னை வழிமறித்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"ஒரு டைவ் சார். ஒரே ஒரு டைவ். சுமாராக் குதிச்சிருந்தாக்கூடப் போதும்னாங்க."

"குதிச்சிருப்பா. எப்படி விழுந்திருப்பான்னு எனக்குத் தெரியல. அவளுக்கும் தெரியல."

அவர் வண்டியின் மேல் கையை ஊன்றி நின்றார். பிறகு கைப்பேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே வைத்தார். "நான் என்னமோ ஆசைல படம் புடிக்கிறேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க சார். வெறுங்கண்ணால என்னால பாக்க முடியாது. அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள இருந்தா, அது எம் புள்ள இல்ல, யாரோன்னு இருக்கும். அதனாலதான் புடிக்கிறேன்."

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அவருடைய மகளும் அதே கண்ணாடிக்குள் தன்னைப் பார்த்து, அது யாரோ என்று எண்ணித்தான் அச்சமின்றி நின்றாள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு தந்தையால் அதை அன்றே தாங்கியிருக்க முடியாது. நித்யா மட்டும் பின்னர் ஒரு நாள் என்னிடம், "நடுக்கத்த நிறுத்தறதுக்கு முன்னாடி, எதுக்கு நடுங்குதுன்னு கேட்டிருக்கணுங்க சார்," என்றார். நூல்களில் அந்த வரி எங்கேனும் இருக்கலாம். நான் அதை அவரிடமிருந்தே கற்றேன்.

அதன் பின் எங்கள் நடைமுறை மாறியது. வாரம் ஒருமுறை அணியினர் அனைவரும் மேடை ஏறி, குதிக்காமல், படி வழியே இறங்கி வர வேண்டும் என்று வைத்தேன். முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு அது பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. கீர்த்தனா எந்த உயரத்தில் எதைச் செய்வது என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள். நாங்கள் சொல்லவில்லை. குளக்கரையில் நின்று கண்ணைத் திறந்தபடி நீரில் சாய்ந்து விழுவதிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றுக்குப் பின்னும் நித்யா ஒரே கேள்வி கேட்பார்: "தண்ணி எப்பத் தெரிஞ்சுது?" விடை வராத பாய்ச்சலை உயரமான இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. குரல் கொடுப்பதையும் நிறுத்தினேன். அது எனக்குக் கடினமாக இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, தொண்டையில் "ஹப்" சிக்கி நிற்க, அவளுடைய உடல் விரியும்வரை நான் பட்ட வேதனையை விவரிக்க எனக்குச் சொல் போதாது. பத்து மீட்டர் ட்விஸ்ட் திரும்பவே இல்லை. அது திரும்பாமலும் போகலாம் என்பதைத் தாங்கள் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். மூன்று மீட்டர் பலகையில் அதைவிட எளிய ட்விஸ்ட் ஒன்றை அவள் தனக்கென உருவாக்கிக்கொண்டாள்.

மறு ஆண்டுத் தேர்வில் அந்தப் பலகைக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தாள். ஏறுவதற்கு முன் நேராக என்னிடம் வந்தாள்.

"சார், இன்னிக்குப் பயமா இருக்கு."

"எதுக்கும்மா?"

"ரெண்டாவது சுத்துல தண்ணி தெரிஞ்சதும் அவசரப்பட்டு விரிச்சிடுவேன். பாதம் அந்தப் பக்கம் சாய்ஞ்சிடும். அதான்."

நான் அவளை அனுப்பினேன். பலகையில் நடந்தாள். எழும்பினாள். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். பார்ப்பதற்கே அஞ்சினேன் என்பதை மறைக்கவில்லை. நீரில் இறங்கியபோது பாதங்கள் சற்றே அந்தப் பக்கம் சாய்ந்தன. நீர் தெறித்தது. மதிப்பெண் நடுத்தரம். அந்த ஆண்டும் அணியில் இடம் கிடைக்கவில்லை.

தலையை நீருக்கு மேலே தூக்கி, முகத்தை வழித்துக்கொண்டு, நீந்தி வருவதற்கு முன்பே என்னைப் பார்த்து எரிச்சலோடு கத்தினாள்:

"பாத்தீங்களா? சீக்கிரம் விரிச்சிட்டேன்!"

காற்றில் தான் எங்கே இருந்தோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

தங்கள் பணியில் இத்தகைய மதியம் ஒன்று தங்களுக்கும் வரும். அன்று எடுத்துப் பார்ப்பதற்காக இந்த வரலாற்றைத் தங்களிடம் பத்திரமாக வைத்திருக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.